துரை வீட்டுப் படத்துக்குச் சேலை கட்டிய கதை

வீடு எவ்வளவு சின்னதோ அவ்வளவு பெரிய சாமானைக் கொண்டுவந்து, "கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும்" என்று வைத்துவிட்டுப் போவார்கள். மாளிகையில் இருப்பவரிடம் யாரும் ஒரு முக்காலியைக்கூட ஒப்படைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் எதையும் திணிக்கவில்லை. நானே போய், குனிந்து, இங்கிலீஷில் கேட்டு வாங்கிவந்தேன்.

அப்போது எனக்கு இருபதைத் தாண்டிய வயது. கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் பக்கம் ஒரு சுரங்கத்தின் ஸ்டோர்ஸில் குமாஸ்தா. ஆணி, கயிறு, மெழுகுவத்தி, பெயிண்ட் என்று சுரங்கத்துக்கு வேண்டியதெல்லாம் என் கை வழியாகத்தான் போகும். எந்தப் பொருளை எங்கே வைக்க வேண்டும் என்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்பியிருந்தேன். (நம்பியது நான் ஒருத்தன்தான். அதுவே போதும் என்றும் நம்பியிருந்தேன்.)

எங்கள் எஞ்சினியர் துரை நீண்ட லீவில் சீமைக்குப் புறப்பட்டார். பங்களாவை வேறொரு துரைக்குக் காலி செய்து கொடுக்க வேண்டும். சாப்பாட்டு மேஜை, நாற்காலிகள், ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ, மான் கொம்பு, இவற்றோடு மரப்பெட்டியில் அடைத்த ஒரு பெரிய ஆயில் பெயிண்டிங். இவற்றை வைக்க நல்ல இடம் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. படத்தைப் பற்றி மட்டும் துரை வெகுநேரம் பேசினார். ஈரம் ஆகாது. கரையான் ஆகாது. புகை ஆகாது. துணியால் இறுக்கி மூடினால் பூஞ்சை பிடிக்கும். பெட்டியிலேயே விட்டால் இன்னும் மோசம். காற்றோட்டமாக, முகம் சுவரில் படாமல், நிமிர்த்தி வைக்க வேண்டும். பிரசவித்தவளுக்குக்கூட இத்தனை பத்தியம் சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்று இடம் பார்த்தேன். ராபர்ட்சன்பேட்டை அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. அங்கே ஓர் அரிசி மண்டிக்காரர் தன் கிடங்கைக் காட்டினார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெருச்சாளி மூட்டை மேல் உட்கார்ந்து எங்களைக் கவனித்தது. அது எழுந்து போகக்கூட இல்லை.

அடுத்தது ரயில்வே சரக்குக் கொட்டகை. அங்கிருந்த பாபு, "சரக்கு எந்த ஊருக்குப் போவுது?" என்றார்.

"எங்கேயும் போகலை சார். இங்கேயே இருக்கும்."

"போகாத சரக்கை ரயில்வே எதுக்குய்யா வாங்கும்?"

நான் சலாம் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மூன்றாவது, வெடிமருந்துக் கிடங்கு. தங்கவயலிலேயே அதைவிட உலர்ந்த இடம் கிடையாது, காவலும் உண்டு. இந்த யோசனை தோன்றிய அன்று என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். காவல்காரர் முதலில் என் செருப்பைக் கழற்றச் சொன்னார். அடியில் ஆணி இருந்தால் தரையில் உரசித் தீப்பொறி வருமாம்.

"படத்துல ஆணி கீதா?" என்றார்.

"சட்டம்னா ஆணி இல்லாம எப்படிங்க?"

"அப்ப ஆணிய புடுங்கிட்டு எடுத்துனு வா."

ஆணியைப் பிடுங்கினால் அது படமாக இருக்காது, விறகுக் கட்டாகவும் ஒரு துணியாகவும் இருக்கும் என்று விளக்கினேன். தமக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

திரும்பிப் போய்த் துரையிடம், "என் சொந்த இல்லத்திலேயே வைக்கிறேன்" என்று இங்கிலீஷில் சொன்னேன். இல்லம் என்றால் அவர் என்ன நினைத்தாரோ. அது கம்பெனி லைனில் ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த வீடுகளில் ஒன்று. முன்னறை ஒன்று, அடுப்படி ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் எங்கள் அம்மா இங்கிருந்து "ஆண்டவரே" என்பார். அப்பா காலமான பிறகு அம்மா, தங்கை கிருபை, நான் என்று மூன்று பேர் அதில் இருந்தோம்.

வண்டி வந்தது. சாப்பாட்டு மேஜை உள்ளே போனதும் நாங்கள் வெளியே வர வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அம்மா மேஜைக்கு அடியிலும் கிருபை மேஜைக்கு மேலேயும் படுத்தார்கள். நான் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டுக்கொண்டு நடுவில் தொங்கினேன். லைனில் இருந்த பெண்களெல்லாம் கண்ணாடி பீரோ முன்னால் வரிசையில் நின்று தலை வாரிக்கொண்டு போனார்கள்.

படத்தின் பெட்டி வாசலில் நுழையவில்லை. பலகையைக் கழற்றி, படத்தைப் போர்வையோடு சாய்த்து உள்ளே கொண்டுபோய், கதவைச் சாத்திவிட்டுப் போர்வையை எடுத்தேன்.

ஒரு குளம். குளத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஏறக்குறைய எங்கள் கிருபையின் உயரம். உடம்பில் ஒரு நூல் கிடையாது.

அம்மா வெகுநேரம் பார்த்தார். "இன்னாடா இது. துணிக்கா பஞ்சம் துரைக்கு?"

"இது கலைம்மா. சீமையில இதை மாட்டி வெச்சு, முன்னாடி உக்காந்து டீ குடிப்பாங்க."

"அங்க குளுருன்னு சொல்வியே. அந்தக் குளுர்ல எப்படி நின்னாளாம்?"

கிருபை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள்.

நாளாக நாளாகப் பழகிவிட்டது. அம்மா குழம்பு கூட்டும்போது அவளிடம் பேசக்கூடச் செய்தார். யாராவது வருகிற சத்தம் கேட்டால் கிருபை ஒரு போர்வையைத் தூக்கிப் போடுவாள். இப்படியே காலம் தள்ளியிருக்கலாம். அப்போதுதான் கிருபைக்கு வரன் வந்தது.

வேலூர்ப் பக்கம் ஓர் உபதேசியார். சபைக்குப் பிரசங்கம் செய்து, வீடு வீடாகப் போய் ஜெபம் நடத்துபவர். மகன் ஞானமுத்து, பள்ளிக்கூட வாத்தியார். அப்பா இல்லாத பெண்ணுக்கு அப்படி ஓர் இடம் வருவது லேசில்லை. பெண் பார்க்க வந்து, எங்கள் வீட்டிலேயே தங்கி, ஞாயிறு ஆராதனையையும் முடித்துக்கொண்டு போவதாகச் சொல்லி அனுப்பினார்கள். உபதேசியார் ரொம்பக் கண்டிப்பானவர் என்றும் சொல்லி வைத்தார்கள். மூக்குத்தி பெரிதாக இருந்ததற்காக ஒரு சம்பந்தத்தை விட்டவராம். எங்களிடமோ மூக்குத்தி உட்பட ஒன்றுமே அணியாத ஒருத்தி முன்னறையில் நின்றுகொண்டிருந்தாள்.

படத்தைத் திருப்பி வைக்கலாம் என்றால், மழையில் சுவர் ஊறி வழிந்தது. போர்வை போட்டு ஒத்திகை பார்த்தோம். கதவைத் திறந்ததும் அடித்த காற்றில் அது வழுக்கி விழுந்தது. மறுபடி போட்டோம். மறுபடி விழுந்தது. வேறு வீட்டுக்குத் தூக்கிப் போனால் லைன் முழுக்கப் பார்க்கும்.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஸ்டோர்ஸில் தண்ணீரில் கரைத்து டப்பாவில் அடைத்த காவி இருந்தது, சுவருக்கு அடிப்பது. அதைப் பூசினால் துணி மாதிரி இருக்கும். வேண்டாதபோது ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். ஒரு டப்பா கொண்டுவந்தேன். அம்மா வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம், "உள்ள வேலை நடக்குது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். கிருபை பக்கத்தில் நின்று வழிகாட்டினாள்.

"கொசுவம் அந்தப் பக்கம்ண்ணா. முந்தானைய தோள் மேல போடு. அது இன்னா, கோணி மாதிரி கீது."

"இன்னாடா எண்ணெய் வாசம் வருது?" என்றார் அம்மா வாசலிலிருந்து.

"சீமைக் காவி அப்படித்தாம்மா இருக்கும்" என்றேன். ஸ்டோர்ஸ் குமாஸ்தா அல்லவா.

சாயங்காலத்துக்குள் அவள் சிவப்புச் சேலையும் முழங்கைவரை ரவிக்கையும் அணிந்து மரியாதையாக நின்றாள். கொஞ்சம் தடித்திருந்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் விருந்தாளிகள் வந்தார்கள். உபதேசியார் மேஜையைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார், எல்லாம் துரையுடையது என்று நான் சொன்னதும் தலையாட்டினார். பிறகு படத்தின் முன் போய் நின்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"யாரு தம்பி இந்த அம்மா?"

இதை நான் யோசித்து வைக்கவே இல்லை. "மிஷன் துரைசானிங்க" என்றேன். "மார்த்தா அம்மாள். எங்கப்பாவுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவங்க."

"சேலை கட்டியிருக்காங்களே."

"ஆமாங்க. நம்ம ஜனத்துக்காக அவங்க தேசத்து உடுப்பெல்லாம் வேணாம்னு கழட்டிப் போட்டுட்டாங்க."

அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்தது. உபதேசியாரின் கண் கலங்கிவிட்டது. "தண்ணியில ஏன் நிக்கிறாங்க?"

"பஞ்ச காலத்துல ஜனங்களுக்குத் தண்ணி மொண்டு குடுப்பாங்களாம்."

அவர் பக்தியோடு படத்தின் விளிம்பைத் தொட்டார். விரல் நுனி சிவந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்க மண்ணே செவப்புங்க, எல்லாத்துலயும் ஒட்டிக்கும்" என்றேன். ஞானமுத்து மட்டும் குனிந்து படத்தின் அடிப்பக்கத்தையே கவனித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் உபதேசியார் எழுந்து மார்த்தா அம்மாளைப் பற்றிப் பேசினார். நான் சொன்னதற்கு மேலும் நிறையச் சொன்னார். பெஞ்சின் அடியில் புகுந்துகொள்ளலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் எங்கள் லைனில் இருந்த ஒரு வயதானவர், "எனக்குத் தெரியாதா அந்த அம்மாவ? எனக்கு கஞ்சி ஊத்துனவங்களாச்சே" என்றார். பின்னால் இருந்த இன்னொருவருக்கும் ஊற்றியிருந்தார்களாம். சம்பந்தம் அன்றே முடிவாயிற்று.

விருந்தாளிகள் ரயிலேறியதும் ஈரத்துணியோடு படத்தின் முன் உட்கார்ந்தேன். துடைத்தேன். துணி சுத்தமாக வந்தது. தேய்த்தேன். சேலை இன்னும் பளபளப்பானது. டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். காவி இல்லை. மழைத் தண்ணீரே கரைக்கக் கூடாதென்று இரும்புத் தொட்டிகளுக்கு அடிக்கும் சிவப்பு ஆயில் பெயிண்ட். டப்பாவின் மேல் அதைத் தெளிவாக எழுதி ஒட்டியிருந்தார்கள். எழுதி ஒட்டியது நான்தான்.

டர்பன்டைன் வாங்கிவந்து தோள் பக்கம் தேய்த்தேன். சிவப்பு போயிற்று. கூடவே தோளும் போயிற்று. மறுபடி சிவப்பைப் பூசி ரவிக்கையை நீளமாக்கினேன்.

கல்யாணத்துக்கு முன்பே துரை திரும்பி வந்துவிட்டார். சாமான்களையெல்லாம் பங்களாவில் இறக்கி, கடைசியாகப் படத்தைக் கூடத்தில் நிறுத்தினோம். துரையும் துரைசானியும் பார்த்தார்கள்.

"யார் இது?" என்றார் துரை.

"மார்த்தா அம்மாள், சார்" என்றேன். வாய் பழகிவிட்டது.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எந்தப் பெயிண்ட் என்று கேட்டார். சொன்னேன். "எத்தனை கோட்டிங்?" என்றார். எஞ்சினியர் அல்லவா. இரண்டு, தோளில் மட்டும் மூன்று என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் முதல் எனக்கு ஸ்டோர்ஸ் இல்லை. சுரங்கக் குழியின் வாயில், ஷாஃப்ட் மேலே நின்று, இரும்புக் கூண்டான கேஜில் இறங்குகிற ஆட்களையும் ஏறுகிற ஆட்களையும் எண்ணும் வேலை. பெயிண்ட் எட்டாத இடத்தில் இவனை வையுங்கள் என்று உத்தரவாம். ஓய்வு பெறும்வரை எண்ணினேன்.

"இதை என் கண்ணில் படாமல் எடுத்துக்கொண்டு போ" என்றார் துரை. நான் படத்தை முதுகில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வெளியேறும்போது துரைசானி கதவைப் பிடித்துக்கொண்டார். ஆயாவிடம் தமிழ் கற்றவர். துரைக்குக் கேட்காமல் மெதுவாக, "சேலை நல்லா கீது" என்றார்.

கல்யாணம் பேச வந்த உபதேசியாரிடம், பெண்ணுக்கு என்ன சீர் செய்ய வேண்டும் என்று அம்மா பயந்துகொண்டே கேட்டார். "ஒண்ணும் வேணாம்மா. துரை அந்தப் படத்த உங்களுக்கே குடுத்துட்டாராமே. அந்தத் தாய் எங்க வூட்டுக்கு வரட்டும்" என்றார். கிருபையும் மார்த்தா அம்மாளும் ஒரே வண்டியில் புகுந்த வீடு போனார்கள். அங்கே ஜெபம் நடக்கும் கூடத்தில் அவளை மாட்டினார்கள்.

அடுத்த கோடையில் வேலூரிலிருந்து வந்த ஒருவர், "மார்த்தா அம்மாளுக்குத் துணி கிழிஞ்சிருச்சுன்னு உன் தங்கச்சி சொல்லச் சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல" என்றார். எனக்குப் புரிந்தது. வெயிலில் பெயிண்ட் உரிகிறது. ஒரு டப்பாவைப் பலகாரத்துக்கு அடியில் மறைத்துக்கொண்டு ரயிலேறினேன். உபதேசியார் ஜெபத்துக்குப் போனதும் கிருபை கதவைச் சாத்தினாள். நான் பிரஷ்ஷைத் தேடிப் பையைத் துழாவிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை உள்ளே வந்தார். கையில் புது பிரஷ்.

"அன்னிக்கே பார்த்தேன் மச்சான்" என்றார். "சேலை தண்ணிக்குள்ள போற இடத்துல நனையவே இல்ல."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"பொண்ணு புடிச்சிருந்துது."

அவர் டப்பாவைப் பிடித்துக்கொண்டார், நான் பூசினேன். உபதேசியார் கடைசிவரை ஒன்றும் அறியாமல், அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடினார். இப்போது எங்கள் குடும்பத்தில் கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்கப் போனால், "மார்த்தா அம்மாளுக்கு எடுத்தாச்சா?" என்றுதான் பேரப் பிள்ளைகள் முதலில் கேட்கும். நானும் வருஷா வருஷம் போய்க் கட்டிவிட்டு வருகிறேன். போன முறை கை நடுங்கியதில் சேலை ஓரத்தில் கோணலாக ஒரு கரை விழுந்துவிட்டது. கிருபை கிட்டே போய்ப் பார்த்தாள்.

"இந்த வயசுல அவங்களுக்கு கரை போட்ட சேலை தேவையாண்ணா?" என்றாள்.