கடினக் கேள்விக்கு ஐம்பது மதிப்பெண்

வணிகச் செய்தியாளருக்குக் கேள்வி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைக் கோவையில் ஒரு பல்கலைக்கழகம், மூன்று அமர்வுகளுக்கும் இரண்டு மதிய உணவுகளுக்கும் பிறகு ஒருமனதாகக் கண்டறிந்தது. அதன்படி வணிக இதழியல் முதுகலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில் ‘கடினக் கேள்வி கேட்டல் – செய்முறை’ என்றொரு தேர்வு வந்தது. தொழிலதிபர் ஒருவரை அழைத்து உட்கார வைப்பார்கள். மாணவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள்.

கேள்வி கடினமானதுதானா என்று எதைக் கொண்டு அளப்பது? துறைத்தலைவர் முனைவர் சபரீஷ் வழி கண்டார். கடினத்தைக் கேள்வியில் தேடக் கூடாது, கேட்கப்பட்டவரிடம் தேட வேண்டும். அவர் தண்ணீர் குடித்தால் பத்து மதிப்பெண். செல்போனைப் பார்த்தால் பத்து. ‘நல்ல கேள்வி’ என்றால் பத்து. ‘விவரம் அனுப்பச் சொல்றேன்’ என்றால் பத்து. எழுந்தே போய்விட்டால் இன்னொரு பத்து. நேராகப் பதில் சொல்லிவிட்டாலோ, சுழி.

மாணவி கரோலினுக்குத் தேர்ச்சி பெற வேண்டியது இருபத்தைந்து. நாளிதழ் ஒன்றின் வணிகப் பக்கத்தில் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள், தேர்ச்சிச் சான்றிதழோடு. அதனால் இரண்டு வாரம் உழைத்தாள். வரப்போகிறவர் பீளமேட்டில் பம்ப்செட் தயாரிக்கும் அங்கப்பன் என்று தெரிந்ததும், அவர் கம்பெனிக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து எத்தனை லாரி வெளியே போகிறது என்று எண்ணினாள். நாளுக்கு நாள் எண்ணிக்கை குறைந்தது.

தேர்வன்று முதலில் எழுந்தவள் லோகப்பிரியா. “ஐயா, உங்க வெற்றியோட ரகசியம் என்னங்க?”

அங்கப்பன் கூசிப்போனார். தண்ணீர் குடித்தார். செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்ல கேள்விங்க அம்மணி” என்றார். முப்பது மதிப்பெண்.

அடுத்தது கரோலின். “ஏனுங்க, போன வருஷம் உங்களுக்கு எவ்வளவு நட்டமுங்க?”

இந்தச் சொல்லை ‘நஷ்டம்’ என்று எழுதுவதா, ‘நட்டம்’ என்று எழுதுவதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. கொங்கு நாட்டில் எவரும் அது தமக்கு வந்ததாகச் சொல்லாததால் வழக்கு அதுவரை தீரவில்லை. அன்று தீர்ந்தது.

“நாலு கோடி நட்டமுங்க கண்ணு” என்றார் அங்கப்பன். “மோட்டார் மாடலை மாத்துனேன், ஆரும் வாங்கல. தப்பு எம்பட மேலதான்.”

கரோலினுக்குச் சுழி.

“சார், அவரு உண்மையைச் சொல்லிட்டாருங்க” என்றாள் சபரீஷிடம்.

“அதைத்தானம்மா நானும் சொல்றேன். கேள்வி கடினமா இருந்திருந்தா எதுக்குச் சொல்றாரு?”

“நாலு கோடிங்க சார்.”

“தொகை கடினம். கேள்வி சுலபம். ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.”

செய்தி அறிந்த அங்கப்பன் மறுநாள் தாமே காரை எடுத்துக்கொண்டு வந்தார். “சாருங்க, புள்ள பொழப்பு என்னால கெடக் கூடாது. அந்தப் பதிலைத் திருப்பி எடுத்துக்கறனுங்க. வேணும்னா தண்ணி குடிச்சுப்போட்டு மறுபடி சொல்லட்டுங்களா?”

சொல்லிய பதிலைத் திரும்பப் பெறப் பல்கலைக்கழகத்தில் படிவம் இல்லை. மறுமதிப்பீட்டுக்கு இருந்தது. அதன்படி மாணவர் இன்னும் ஒரு கேள்வி கேட்கலாம். ‘அறையில் இருப்பவர் ஒருவரிடம்’ என்று மட்டும் விதி சொல்லியது. தேர்வுப் பிரிவிலிருந்து வெங்கடலட்சுமி அம்மாள் மதிப்பெண் தாளோடு வந்து அமர்ந்தார். அங்கப்பன் தயாராகத் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டார்.

கரோலின் அவர் பக்கம் திரும்பவில்லை.

“சார், இந்தப் படிப்பை முடிச்சவங்கள்ல இதுவரைக்கும் எத்தனை பேரு பத்திரிகைல வேலை பாக்கறாங்க?”

சபரீஷ் கைநீட்டி அங்கப்பனின் பாட்டிலை வாங்கிக் குடித்தார். வெங்கடலட்சுமி அம்மாள் ஒரு டிக் போட்டார்.

“நல்ல கேள்வி.” இன்னொரு டிக்.

செல்போன் அடிக்கவில்லை, ஆனாலும் எடுத்துப் பார்த்தார். டிக்.

“விவரம் அனுப்பச் சொல்றேன்” என்று எழுந்து கதவைத் தாண்டிப் போனார்.

“அம்பது வந்துருச்சுங்க” என்று அந்த அம்மாள் தலை நிமிராமலே முத்திரை குத்தினார். படிப்பு தொடங்கிய நாள் முதல் எவரும் எடுக்காத மதிப்பெண் அது. ஆண்டறிக்கையில் அதைத் துறையின் சாதனை என்று குறித்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்த கரோலினின் முதல் செய்தி வியாழனன்று வந்தது: ‘நான்கு கோடி நட்டம்: பம்ப்செட் அதிபர் ஒப்புதல்’. முழுக்க உண்மை. அங்கப்பனே படித்துப் பார்த்து, ஓர் எழுத்துக்கூட மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

கோவை அதை வரிக்கு வரி படித்தது, ஒரு வரியும் நம்பவில்லை.

“வாயைத் தொறந்து நாலு கோடி போச்சுங்கறான்னா, வெளிய சொல்லாம எத்தனை வெச்சிருப்பான்?” என்றது டீக்கடை. ஆடிட்டர்கள் அவருடைய ஆடிட்டர் யாரென்று விசாரித்தார்கள். மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி ஒருவர், இத்தனை துணிச்சலான ஆளிடம் பணம் போட்டால் மோசம் போகாது என்று கூட்டுச் சேர வந்தார். கும்பாபிஷேகத்துக்கு நன்கொடைப் புத்தகம் தூக்கிக்கொண்டு மூன்று கோயில்காரர்கள் வந்தார்கள். வங்கி மேலாளர் தாமே வந்து கூடுதல் கடன் தருவதாகச் சொல்லி, ‘உங்க முறை என்னங்க’ என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அடுத்த வாரத்துக்குள் அவிநாசி ரோட்டில் இன்னும் ஐந்து முதலாளிகள் தங்களுக்கும் நட்டம் என்று பேட்டி கொடுக்க முன்வந்தார்கள். அதில் நான்கு பேருக்கு நல்ல லாபம்.

அதற்கடுத்த ஞாயிறன்று, சர்ச்சிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கரோலினுக்கு அங்கப்பன் போன் செய்தார்.

“அம்மணி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். நீங்க விவரமா விசாரிச்சீங்கள்ல?”

“விசாரிச்சனுங்க. லாரியெல்லாம் எண்ணுனனுங்களே.”

“நெசமாலுமே நட்டந்தானுங்களே?”

“நீங்கதானுங்க சொன்னீங்க.”

“நாந்தான் சொன்னேன். ஆனா ஊரே இத்தனை உறுதியாச் சொல்றப்ப...” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்கே ஒரு சந்தேகமுங்க. எங்கியாவது வெச்சு மறந்துபோட்டனோ?”