பாம்பண்ணை பார்த்த பொருத்தம்

லண்டன் மனோர் பார்க்கில், பாம்பண்ணை என்று நாங்கள் கூப்பிடும் அண்ணையைப் போல் குளிருக்குப் பயந்தவரும் இல்லை, பாம்புக்குப் பயப்படாதவரும் இல்லை.

அவரும் நானும் ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படித்ததோ கணக்கியல். அண்ணைக்கு எல்லாப் படிப்பும் ஒன்றுதான்.

விஷமில்லாத செம்மஞ்சள் பாம்புகள் இரண்டை வாங்கி வந்து, “தம்பி, நீ கம்பஸ் போற பெடியன். இதுகளைக் குட்டி போட வைக்கிறது எப்பிடியெண்டு சொல்லு” என்றார்.

வாசித்துச் சொன்னேன்: மாரியில் சில கிழமை குளிரில் வைத்தால்தான் இணையுமாம்.

“விறைச்சுக் கிடந்தா ஆருக்கடா கலியாண ஆசை வரும்? நான் வந்த முதல் மாரியில எனக்கு வந்ததோ?”

ஹீட்டரைக் கூட்டினார். பிறகு, பாம்பு விற்ற வெள்ளைக்காரருக்கு என்னைக்கொண்டு போன் எடுப்பித்து, அவை பிறந்த நேரம் கேட்டார். கிடைத்த தேதியை மட்டும் வைத்துச் சாத்திரியாரிடம் பொருத்தம் பார்த்து வந்தார். “பத்தில எட்டு!”

அந்த வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கார அன்ரி பிரீசரைத் திறந்தார். பாம்புத் தீனி உள்ளே இருந்தது.

“விரத நாளில என்ர பிரீசருக்குள்ள எலியோ! தை பிறக்க முன்னம் நீயும் உன்ர பாம்புச் சோடியும் வெளியால!”

அண்ணை ஆடிப்போனார். பாம்போடு ஆளை எடுக்கிற வீடு லண்டனில் எங்கே இருக்கிறது?

“குட்டியளைக் கண்டா அன்ரி மனமிரங்குவா” என்றார். எனக்கு அது விளங்கவில்லை.

சுபநேரத்தில் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் விட்டார். ஆளுக்கொரு மூலையில் சுருண்டுகொண்டன. மார்கழியும் முடியப் போனது. இரண்டையும் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி, ஏன் இணையவில்லை என்று கேட்கப் பாம்புக் கடைக்குக் கொண்டு போனோம். கடைப் பெண் வாலடியைப் பார்த்தாள், சிரித்தாள். இரண்டும் பெண்.

“அப்ப அந்த எட்டுப் பொருத்தம்?” என்று அண்ணை என்னைக் கேட்டார். நான் படித்தது கணக்கியல் மட்டும்தான்.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் அன்ரி நின்றார். அண்ணை தலைகுனிந்து விஷயத்தைச் சொன்னார்.

“ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையளோ?”

“ஓம் அன்ரி.”

“முதலே சொல்லியிருக்கலாமெல்லே? பொம்பிளைப் பிள்ளையளை இந்தக் குளிருக்குள்ள எங்க அனுப்ப ஏலும்? இருக்கட்டும். எலிக்கு மட்டும் வேற பிரிட்ஜ் வாங்கு.”

அவர் உள்ளே போனதும் அண்ணை என் கையைப் பிடித்தார். “தம்பி, இப்ப நான் சந்தோசப்படவேணுமோ, கவலைப்படவேணுமோ?”

எனக்கும் தெரியவில்லை. பக்கத்து அறை காலியாகாது என்பது மட்டும் தெரிந்தது. எனக்கு அது போதுமாயிருந்தது.