மூன்றாம் பக்கத்து வீரம்

சிபாரிசுக்காரர் என்றொரு இனம் உண்டு. கல்முனை பஸ் நிலையத்தில் பத்துப் பேர் தேநீர் குடித்தால் அதில் இரண்டு பேர் இந்த இனமாக இருப்பார்கள். சட்டைப் பையில் இரண்டு பேனா, கைப்பைக்குள் நாலு கடிதத்தாள், அதற்கும் அடியில் சமாதான நீதவான் முத்திரை. கல்யாண வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்துண்ணும் சோற்றுச் சஹனுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் அந்தப் பை மடியை விட்டு இறங்காது. சோறு ஆறினால் ஆறட்டும், முத்திரை மை காயக் கூடாது.

எந்தப் பெரிய மனிதரின் பெயரைச் சொன்னாலும் இவரிடம் ஒரே பதில்தான்: “அவர் நம்மட ஆள்தான்.”

எப்படி நம்மட ஆள்? பிரிகேடியரின் சாரதி பொத்துவிலில் மீன் வாங்குகிற கடைக்காரர் வரிப்பத்தான்சேனையில் பெண் எடுத்தவர். அந்தப் பெண் இவருடைய சாச்சியின் மகளோடு ஒன்றாக ஓதப் போனவள். போதாதா?

இந்த இனத்தின் தலைவர் காலிதீன். என் சின்ன மாமியின் மூத்த மருமகனுக்கு உடன்பிறந்த தம்பி. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். கோபம் வந்தால் மாமியிடம் போய்ச் சொல்லட்டும்.

சண்டை நடந்த காலம். காலிதீனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த ஸவாஹிர் படையில் கோப்ரலாக இருந்தான். அதிகாரிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், ஊர்ப் பிரமுகர் ஒருவரின் நற்சான்றுக் கடிதம் வேண்டும் என்று முகாமில் சொல்லிவிட்டார்கள். கிடைத்தால் பயிற்சிக் கல்லூரி. குண்டு விழாத இடம். அவன் மனைவி பஸ்மினாவுக்கு அது போதும். அவளே காலிதீன் வீட்டுக்கு வந்தாள்.

“காக்கா, மூணு பாஷையும் எழுத வாசிக்கத் தெரியும் எண்டு எழுதுங்க. வரைபடம் பார்க்கிறதில முகாமிலயே இவர்தான் முதலாள் எண்டும் எழுதுங்க.”

“அதெல்லாம் சேட்டிபிக்கட்ல கிடக்கும் தங்கச்சி. ஆள்ர பெருமைய எழுதத்தானே நான் இரிக்கன். அங்க இரிக்கிற பெரியவர் நம்மட ஆள்தான். பயப்படாமப் போங்க.”

கடிதம் மூன்று பக்கம். அதன் பிரதி இன்றைக்கும் கண்ணாடி போட்டு அவர் வீட்டு முன்கூடத்தில் தொங்குகிறது; ஓர் எழுத்து விடாமல் முழுவதும் வாசித்திருக்கிறேன். முதல் பக்கம் காலிதீன்: அவர் பிறந்த குடி, அவருடைய பாட்டனார் பள்ளிவாசலுக்குக் கொடுத்த காணி, அவர் வகிக்கும் ஏழு பதவிகள். இரண்டாம் பக்கம், ஸவாஹிரின் குடும்பம் காலிதீன் குடும்பத்துக்கு எவ்வளவு கடமைப்பட்டது என்பது. மூன்றாம் பக்கத்தில் பாதிவரை வாழ்த்துகள். அதற்குக் கீழே, மிச்சமிருந்த இடத்தில், ஸவாஹிர்:

“மரணத்துக்கு அஞ்சாதவர். பசி, தூக்கம் பாராதவர். எவரும் நிற்க மறுக்கும் இடத்திலும் தனித்து நிற்பார்.”

மூன்று பாஷை? வரைபடம்? நல்ல வசனம் வந்து விழுந்த சந்தோஷத்தில் மறந்துபோயிற்று. முத்திரை மட்டும் மூன்று இடத்தில் விழுந்திருந்தது.

முகாமில் மொழிபெயர்த்தவர் காணிக் கதை நமக்கெதற்கு என்று முன்னிரண்டு பக்கத்தையும் தள்ளிவிட்டு, கடைசி மூன்று வரியை மட்டும் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தார். இப்படி ஒரு ஆளைக் கொண்டுபோய் வகுப்பறையில் உட்கார வைக்க எந்தத் தளபதிக்கு மனம் வரும்? பதினைந்தாம் நாள் ஸவாஹிரை முன்னரங்குக் காவலரணுக்கு அனுப்பினார்கள். எவரும் நிற்க மறுத்த இடம். தனியாகத்தான் நின்றான்.

காலிதீன் தேநீர்க் கடையில் மேசையைத் தட்டினார். “பார்த்தீங்களா? என்ட கடிதத்துக்குப் பதினஞ்சே நாள்ல நடவடிக்க!”

மூன்று மாதத்தில் ஸவாஹிர் வீடு வந்தான். இடது கால் வரவில்லை. மிதிவெடி.

காலிதீன் பார்க்கப் போனார். வெறுங்கையோடு போவாரா? பையோடு போனார்.

“கவலப்படாத மச்சான். செயற்கைக் கால் குடுக்கிற இடத்துப் பெரியவர் நம்மட ஆள்தான்.”

“அவருக்கும் நான் தனிச்சு நிப்பன் எண்டு எழுதிப்போடாத மச்சான்,” என்றான் ஸவாஹிர். “ஒத்தக் காலே போதும் எண்டிருவார்.”

பஸ்மினா சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டாள்.

“காக்கா, இரிங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. ஸவாஹிர். இடது கால். முழங்காலுக்குக் கீழ. பதினாறு அங்குலம்.”

“ஓம் தங்கச்சி. அவர்ர வீரத்தப் பத்தி ஒரு வரி...”

“வீரம் வேணாம். முத்திரையக் குத்துங்க.”

காலிதீன் தன் வாழ்நாளில் எழுதிய மிகச் சின்னக் கடிதம் அதுதான். கால் வந்தது. அந்தக் கடிதத்துக்கு மட்டும் அவர் கண்ணாடி போடவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. கடைசியாக யாருக்காகவோ ஒரு கடிதம் எழுதினீர்களே, அதில் அந்த ஆளின் பெயர் எத்தனையாவது வரியில் வந்தது? நினைவில்லையா? பரவாயில்லை, உங்களுக்கு ஞாபகசக்தி அபாரம் என்று காலிதீனிடம் ஒரு கடிதம் வாங்கித் தருகிறேன்.

அவர் நம்மட ஆள்தான்.