மாடிக் குழாயில் மருந்து இல்லை

சூலக்கரை,
பிலவ வருஷம், ஆவணி 28.

மகாகனம் பொருந்திய நாரணாபுரம் ஆண்டிச்சாமி அவர்கள் சமூகத்துக்கு, சூலக்கரை கண்ணுச்சாமி கும்பிட்டு எழுதிக்கொண்டது.

இவ்விடம் நான், என் சம்சாரம் செல்லத்தாய், மாடு கன்று எல்லாரும் சௌக்கியம். மகன் முத்துராமலிங்கம் சௌக்கியமா இல்லையா என்பதை இதைப் படித்துவிட்டு நீங்களே தீர்மானிக்க வேண்டியது. அவ்விடம் நீங்கள், உங்கள் அக்கா சண்முகத்தாய் மதினி, உங்கள் மகள் குழந்தை சொர்ணலட்சுமி எல்லாரும் சுகமாக இருக்கவும், சீசன் நேரத்தில் மழை எட்டிப் பார்க்காமல் உங்கள் பட்டாசுச் சரக்கு நன்றாகக் காயவும் குலசாமி துணை. கடிதத் தலைப்பில் 'சம்பந்தி அவர்களுக்கு' என்று முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அடித்ததைத் திரும்ப எழுதலாமா கூடாதா என்பது உங்கள் பதிலில் இருக்கிறது.

நிற்க. நேற்று மாலை மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த இடத்தில் கை நனைக்காமல் படியிறங்கிப் போய்விட்டீர்கள். செல்லத்தாய் உங்களுக்கென்று அடித்த விடைக்கோழி குழம்புச் சட்டியிலேயே கிடக்கிறது, வீட்டில் ஒருவருக்கும் அதைத் தொட மனசு வரவில்லை. போகிற போக்கில் நீங்கள் சொன்ன வார்த்தை, இந்தச் சம்பந்தம் வேண்டாம், கள்ளத்தனமாக வெடி போடுகிறவன் வீட்டில் பெண் கொடுக்க முடியாது என்பது. மச்சான், எங்கள் பரம்பரையில் பருத்தி போட்டிருக்கிறோம், மிளகாய் போட்டிருக்கிறோம், வாய்க்கால் தகராறில் ஒரு தடவை சண்டை போட்டிருக்கிறோம். வெடி போட்டது கிடையாது. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள்.

எங்கள் மாடியில் நீங்கள் பார்த்த குழாய் டெலஸ்கோப்பு. காலேஜில் பிள்ளைகளுக்குச் சயன்ஸ் சொல்லிக்கொடுக்கிற என் மகன் அத்தோடு விட்டிருக்கலாம். மெட்ராசுக்குப் போனவன் உடைத்துப் போட்ட கப்பலின் ஜன்னல் கண்ணாடி என்று தோசைக்கல்லைவிடப் பெரிதாக ஒன்றைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தான். அதை மாட்டுக் கொட்டத்தில் ஒரு தகர டிரம்மின் மேல் வைத்து, கறுப்பாக ஒரு மாவைத் தூவி, இன்னொரு கண்ணாடியால் தேய்த்தபடியே டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தான். காலேஜ் விட்டு வந்தால் சுற்றுவான், ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுற்றுவான். செல்லத்தாய் அவன் ஏதோ நேர்த்திக்கடன் கழிக்கிறான் என்று நினைத்து இடையில் கூப்பிடவே மாட்டாள். நானும் எந்தச் சாமிக்கு என்று கேட்காமல் விட்டது என் தப்பு. கடைசியில் அது குழிந்த கண்ணாடியாகி, அதற்கு வெள்ளி பூசி, ஆள் உயரத்தைத் தாண்டிய தகரக் குழாய்க்குள் அடியில் உட்கார்ந்துகொண்டது. இத்தனைக்கும் அவன் பார்ப்பது நிலவை இல்லை, சனி வியாழன் இல்லை. இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மங்கலான புகைகளைத் தேடித் தேடிப் பார்க்கிறான். நெபுலா என்கிறான், காலக்ஸி என்கிறான். நன்றாகத் தெரிகிறதை விட்டுவிட்டுத் தெரியாததைப் பார்க்க எதற்குடா குழாய் என்று கேட்டுவிட்டு அன்றைக்கு மாடிப்படியை விட்டு இறங்கியவன்தான், இன்றுவரை நான் அதில் கண் வைத்ததில்லை.

இனி உங்கள் வீட்டில் பெண் பார்த்த அன்று நடந்தது. சொர்ணலட்சுமி காப்பித் தட்டோடு வந்து நிற்க, என் மகன் அவளைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சண்முகத்தாய் மதினியையே வைத்த கண் வாங்காமல் பார்த்தான் என்று உங்களுக்கு வருத்தம். மதினி சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே எழுந்து போனதை நானும் பார்த்தேன். வீட்டுக்கு வந்து விசாரித்தால், மங்கலான பொருளை நேராகப் பார்த்தால் கண்ணுக்குச் சிக்காதாம், சற்றுத் தள்ளி ஒரு பக்கமாகப் பார்வையை வைத்தால்தான் அது தெளிந்து வருமாம். வருஷக்கணக்காக அப்படியே பார்த்துப் பார்த்து, மனசுக்குப் பிடித்த எதையும் அவன் அப்படித்தான் பார்க்கிறான். பெண்ணின் மூக்குத்தி, நெற்றியில் விழுந்த முடி, காப்பித் தட்டு நடுங்கியது எல்லாம் ஒன்று விடாமல் சொல்கிறான். சொர்ணலட்சுமி மங்கல் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவள் விளக்குப் போன்ற பெண். விளக்கு என்றால் அவனுக்கு ஆகாது என்பது வேறு விஷயம், அதை இங்கே எழுதியிருக்கக் கூடாது.

அன்றைக்கே இருட்டினதும் நீங்கள் மரியாதைக்கு வாசலில் புதுச் சாம்பிள் வாணம் ஒன்றை விட்டுக் காட்டினீர்கள். ஊரே அண்ணாந்து பார்க்க, மாப்பிள்ளை மட்டும் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டான். நாரணாபுரத்தில் வாணம் விடும்போது கண்ணை மூடிக்கொள்வது எம்புட்டுப் பெரிய அவமரியாதை என்று எனக்குத் தெரியாதா? ஒரு தடவை வெளிச்சம் பட்டால் அப்புறம் அரை மணி நேரத்துக்கு வானத்துப் புகை தெரியாது என்று அவனுக்குப் பயம். இந்த இரண்டையும் சேர்த்துவைத்து மாப்பிள்ளைக்கு மாறுகண், அதோடு வெளிச்சம் கூசும் வியாதியும் உண்டு என்று யாரோ உங்கள் காதில் ஓத, கண்ணைச் சோதித்துவிடுவோம் என்று நீங்களே புறப்பட்டு வந்தீர்கள். நீங்கள் வருவதற்கு நாள் குறிக்கும்போதுகூட நான் வளர்பிறையில் நின்றேன், அவன் நிலவே கூடாது என்று நின்றான். முடிவில் மூன்றாம் பிறையில் வந்து சமாதானம் ஆனோம். வளர்பிறைதான் என்று எனக்குத் திருப்தி, சீக்கிரம் மறைந்துவிடும் என்று அவனுக்குத் திருப்தி.

இருட்டினதும் அவன் உங்களை மாடிக்குக் கூப்பிட்டான். படியடியிலேயே உங்கள் தீப்பெட்டியையும் பீடியையும் வாங்கி வைத்துக்கொண்டான். செருப்பைக் கழற்றச் சொன்னான். அதிராமல் நடக்கச் சொன்னான். வீட்டில் ஒரு விளக்கு விடாமல் அணைக்கச் சொன்னான். செல்லத்தாய் இருட்டில் தடவித் தடவி உப்புப் போட்டதால்தான் குழம்பு கரித்தது, அதை நீங்கள் சாப்பிடாமல் போனதில் அவளுக்கு ஒரு பக்கம் நிம்மதி. மாடியில் குழாய் சாயாமல் இருக்கக் கட்டித் தொங்கவிட்ட மணல் வாளி. சுவரோரம் கறுப்பு மாவு மூட்டை. கண்ணாடிக்கு வெள்ளி பூசினதில் மிச்சம், நைட்ரேட் என்று எழுதி ஒட்டின சீசா. நடுவில் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்கிற குழாய். மச்சான், உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. தீப்பெட்டி வாங்கி வைக்கிற இடமும் மணல் வாளி தொங்குகிற இடமும் உங்கள் பக்கத்தில் எதுவாக இருக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் குழாயின் வாயைத் தடவிப் பார்த்து, எத்தனை அங்குல வாணக்குண்டு போகும் என்று கேட்டபோதே நான் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். அவனோ பன்னிரண்டு அங்குலம் மாமா என்று பெருமையாகச் சொன்னான், அவன் சொன்னது கண்ணாடியை. உங்கள் முகம் மாறியிருக்கும், இருட்டில் அது அவனுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவன் உங்களை ஏணியில் ஏற்றி, அபிஜித் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மோதிரத்தைக் காட்டினான். வெகுநேரம் பார்த்தீர்கள். சாம்பல் நிறத்தில் சின்ன வளையமாகப் புகை நிற்கிறது என்றீர்கள். அவன் சந்தோஷத்தில், ஆமாம் மாமா, அது புகையேதான், நட்சத்திரம் ஒன்று மூச்சு அடங்குகிற காலத்தில் மேல் தோலை ஊதித் தள்ளிவிட்ட புகை என்றான். எப்போது விட்டது என்று கேட்டீர்கள். பல ஆயிரம் வருஷம் இருக்கும் என்றான். அங்கேதான் விபரீதம் ஆரம்பித்தது. மேல்படியில் நின்றுகொண்டிருந்த எனக்கு நீங்கள் கேட்டது அப்படியே காதில் விழுந்தது.

"எங்க கம்பெனிச் சரக்கு ஒண்ணு ரெண்டு எண்ணுறதுக்குள்ள கலைஞ்சுபோகுது. ஆயிரம் வருசமா வட்டம் குலையாம நிக்குதுன்னா, மாப்ளே, அதுக்கு என்ன மருந்து போட்டிருக்கீக?"

"மருந்தெல்லாம் இல்ல மாமா. அது தானா நிக்குது."

"தானா நிக்குமா? நாப்பது வருசமா நான் மருந்துலயே பொறந்து வளந்தவன். என்கிட்டயே ஒளிக்கிறீகளே."

அவன் பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு உத்திரட்டாதிப் பக்கம் குழாயைத் திருப்பி ஒரு காலக்ஸியைக் காட்டினான். இந்த வெளிச்சம் புறப்பட்டு இருபது லட்சம் வருஷம் ஆகிறது என்று வேறு சொன்னான். போன வருஷ ஸ்டாக்கையே எவனும் ஆர்டர் எடுக்க மாட்டேன் என்கிறான், இருபது லட்சம் வருஷத்துச் சரக்கு நமுத்துப்போகாமல் எரிகிறது என்று என்னிடமே கதை விடுகிறாயா என்று கேட்டுவிட்டு நீங்கள் ஏணியை விட்டு இறங்கினீர்கள். பெண்ணைக் கொடுக்கப் போகிற மாமனிடமே மருந்தை மறைக்கிறவன் நாளைக்குப் பெண்ணிடம் எதைத்தான் மறைக்க மாட்டான் என்று கேட்டீர்கள். லைசென்ஸ் இல்லாத இடத்தில் நிற்கக்கூட மாட்டேன் என்று தீப்பெட்டியை மறந்துவிட்டு நடந்துவிட்டீர்கள். நான் மெயின் ரோடு வரை பின்னாலேயே ஓடி வந்தேன், நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

மச்சான், அவன் நேற்றிலிருந்து அன்னந்தண்ணி இல்லாமல் படுத்திருக்கிறான். அந்தப் பெண்ணை அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதை நேராகச் சொல்லத் தெரியாதவன், அம்மாவிடம் அந்த மூக்குத்தியைப் பற்றி மட்டும் மூன்று தடவை சொல்லியிருக்கிறான். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை, அவன் இப்படிக் கிடப்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆகையால் நான் குலசாமி மேல் சத்தியமாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மருந்து இல்லை, ரகசியம் இல்லை. அந்தப் புகையில் பார்க்கும்படியாகவும் ஒன்றும் இல்லை. நாளைக் காலையில் ஆளை விட்டுக் குழாயை இறக்கி, இரண்டாக வெட்டி, மாட்டுக்குத் தவிட்டுத் தொட்டியாகப் போட்டுவிடுகிறேன். கப்பல் கண்ணாடியைக் கிணற்றில் போட்டுவிடுகிறேன். நீங்கள் மனசு இரங்கி, முன்னால் பேசினபடி தீபாவளி சீசன் முடிந்து கார்த்திகையில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் போதும், நானும் செல்லத்தாயும் தட்டோடு வந்து நிற்போம்.

சண்முகத்தாய் மதினிக்கு என் மன்னிப்பும், குழந்தை சொர்ணலட்சுமிக்கு எங்கள் ஆசீர்வாதமும். உங்கள் சரக்கு எல்லா ஊர் வானத்திலும் குறையில்லாமல் வெடித்து, உங்கள் வீட்டில் மட்டும் ஒருநாளும் வெடிக்காமல் இருக்கக் கடவுள் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
கண்ணுச்சாமி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் ஒரு யோசனை வந்தது. குலசாமி மேல் சத்தியம் பண்ணியிருக்கிறோமே, பார்க்காமல் சத்தியம் பண்ணுவது தப்பாயிற்றே என்று, பிறை மறைந்ததும் பயலை எழுப்பிக்கொண்டு மாடிக்குப் போனேன். அந்த மோதிரத்தைப் பார்த்தேன். மச்சான், அது நிற்கிறது. கலையவில்லை, நகரவில்லை, சத்தமில்லாமல் அப்படியே நிற்கிறது. எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. செல்லத்தாய் ஏணியில் ஏறினவள் இன்னும் இறங்க மாட்டேன் என்கிறாள். மேலே எழுதினதில் குழாயை வெட்டுவது, கிணறு, தொட்டி எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். என்னடா மருந்து என்று நானும் கேட்டேன். இல்லை என்கிறான். அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கும் நம்பிக்கை வரவில்லை, அவனுக்குத் தெரியும், மறைக்கிறான். பெற்ற தகப்பனிடம் சொல்லாதவன் மாமனாரிடமும் சொல்லப்போவதில்லை. கட்டின பெண்டாட்டி கேட்டால் எத்தனை நாள் சொல்லாமல் இருப்பான்? ஆகையால் சம்பந்தி அவர்களே, கார்த்திகை வரை காத்திருக்க வேண்டாம், சீசனைப் பார்க்காமல் ஐப்பசி முதல் முகூர்த்தத்திலேயே கல்யாணத்தை வையுங்கள்.