ஜம்புலிங்கம் செய்த சேவல் ஆராய்ச்சி

இந்த வீட்டில் ஒன்று சேவல் இருக்க வேண்டும், இல்லை தான் இருக்க வேண்டும் என்று ஜம்புலிங்கம் முடிவெடுத்துவிட்டார். மனைவி ஹேமாவதியிடம் சொல்லவில்லை. சொன்னால் எது வெளியே போகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டாவது ஷிப்ட் முடித்து, அயனம்பாக்கம் வந்து படுக்க மணி ஒன்றரை. நாலு மணிக்கெல்லாம் சேவல் ஜன்னலடியில் நின்று தொண்டையைத் திறந்துவிடும். அம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் வேறு. வீட்டில் அறுத்தால் சாமி குத்தம், விற்றாலும் சாமி குத்தம். மனிதன் எத்தனை நாள்தான் தூங்காமல் இருப்பான்?

அந்த நிலைமையில்தான் ஏரிக்கரையில் அரசாங்கக் கால்நடை டாக்டர் அனுசுயாவைப் பார்த்தார். கையுறை, முகமூடி சகிதம் நாமக்கோழிகளின் எச்சத்தைக் குழாயில் சேகரித்துக்கொண்டிருந்தார் அந்த அம்மாள். ஏரிப் பறவைகளிடமிருந்து வீட்டுக் கோழிகளுக்கு நோய் பரவுகிறதா என்று ஆராய்ச்சியாம். ஜம்புலிங்கத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அரசாங்கமே பிடித்துக்கொண்டு போனால் சாமி குத்தம் அரசாங்கத்துக்குத்தானே!

"மேடம், எங்க ஊட்டு சேவலுக்குக் கொண்டை நீலமாயிடுச்சி! தீனி எடுக்கல! மூக்கு ஒழுகுது!"

டாக்டரின் கண்கள் விரிந்தன. "யார் பார்த்துக்கறது சார்?"

"நாந்தான் மேடம்! குழந்தை மாதிரி. அது கூவுற குரல்ல துளி மாறினாலும் எனக்குத் தெரிஞ்சிடும்!"

டாக்டர் எழுதிக்கொண்டார். போன் நம்பர் கேட்டார். கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால், மகா புத்திசாலியான ஜம்புலிங்கம் ஹேமாவதியின் நம்பரைக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜீப் வந்தது. ஜம்புலிங்கம் கூண்டையே தயாராக வைத்திருந்தார். சேவலோ ரத்தச் சிவப்புக் கொண்டையோடு பறந்து ஜீப்பின் மேல் ஏறி நின்று கூவியது.

"நடிக்குது மேடம்!" என்றார் ஜம்புலிங்கம்.

"ஆமா, டிராமா கம்பெனில கீது," என்றாள் ஹேமாவதி, டாக்டருக்கு டீ கொடுத்தபடி.

தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டுத் துடைத்தார்கள். இறக்கையில் ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் முகமெல்லாம் சிரிப்பு.

"நேத்து சாயங்காலம் நான் போன் பண்ணப்போ உங்க வீட்டம்மா சொன்னது சரிதான். நல்ல ஆரோக்கியமான சேவல்! ஏரியை ஒட்டி இப்படி ஒண்ணைத்தான் தேடிட்டிருந்தோம். இது இனிமே எங்க காவல் சேவல். ஏரியில நோய் வந்தா இதை வச்சுத்தான் மொதல்ல கண்டுபிடிப்போம். ரெண்டு வருஷம் இடம் மாத்தக் கூடாது."

"ரெண்டு வருஷமா?" ஜம்புலிங்கத்தின் கையிலிருந்து கூண்டு விழுந்தது. "அம்மனுக்கு நேந்துவிட்டது மேடம்!"

"அம்மன் கிட்ட நான் வாய்தா வாங்கிக்கிறேன் மாமா," என்றாள் ஹேமாவதி.

டாக்டர் உற்சாகமாகத் தொடர்ந்தார். "சளி பிடிக்கிறதுக்கு முன்னாடியே கூவுற குரல் மாறும். தினமும் விடியக்காலைல முதல் கூவலைப் பக்கத்துல நின்னு போன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்பணும். ஒரு நாள்கூட விடக் கூடாது. யார் செய்வீங்க?"

"நான் சமையக்கட்டுல இருப்பேன் டாக்டர். துளி மாறினாலும் கண்டுபிடிக்கிற ஆளு இதோ கீறாரே!"

டாக்டர் முந்தின நாள் எழுதிய தாளைப் புரட்டி, "ஆமா, சாரே சொன்னாரே!" என்று பேனாவை நீட்டினார்.

சேவலின் காலில் எண் போட்ட வளையம் ஏறியது. ஜம்புலிங்கத்தின் கையெழுத்து தாளில் ஏறியது.

எட்டாம் நாள் சேவல் அயர்ந்து தூங்கிவிட்டது. நாலு மணிக்கு அதைத் தட்டி எழுப்பியவர் ஜம்புலிங்கம்.