பச்சை மணிக்கட்டுகளின் நாடு

செழும்பூர் நாட்டு மன்னருக்கு ஒரு நாள் மக்களின் உடல்நலத்தைப் பற்றிக் கவலை வந்தது. மன்னருக்குக் கவலை வந்தால் மக்களுக்குச் சட்டம் வருவது அந்நாட்டு வழக்கம்.

அறிஞர் குழு கூடி ஒரு கைக்காப்பைச் செய்தது. அணிந்தவர் சுறுசுறுப்பானவர் என்றால் அதில் பச்சை விளக்கு எரியும், சோம்பேறி என்றால் சிவப்பு. பெரியவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இளசுகள்தான் விழுந்தடித்துக்கொண்டு மாட்டிக்கொண்டார்கள். உடம்பின்மேல் அவர்களுக்குத் திடீர் அக்கறை ஒன்றும் பிறந்துவிடவில்லை. காப்பு பார்க்க எடுப்பாக இருந்தது, பக்கத்து வீட்டில் ஏற்கெனவே மாட்டியிருந்தார்கள், வெறுங்கையோடு போனால் கூட்டாளிகள் "ஏன், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். வேறென்ன வேண்டும்?

அஞ்சல் ஓட்டக்காரி அரும்பாவையும் மாட்டிக்கொண்டாள். மலையடி ஊர்களுக்குக் கடிதப் பையைச் சுமந்து ஓடுவது அவள் வேலை. அதை அவள் உயிராக நினைத்தாள். ஓடி முடித்து மணிக்கட்டைப் பார்த்தால் சிவப்பு. மறுநாள் இன்னும் வேகமாக ஓடினாள். அன்றும் சிவப்புதான். அந்த வாரமே ஆணை வந்தது: சிவப்பு மணிக்கட்டுக்கு அரசு வேலை கிடையாது.

அழுகையை அடக்கிக்கொண்டு அரண்மனைக்குப் போனாள். "ஐயா, நான் நாள் முழுக்க ஓடுறேன். காப்புதான் தப்பா சொல்லுது."

"அம்மணி, கருவி தவறாது. தங்கள் கால்களே தங்களை ஏமாற்றுகின்றன" என்றார் நலத்துறை அமைச்சர். மாடிப்படிக்கும் பல்லக்கு கேட்கும் அந்த அமைச்சரின் மணிக்கட்டு பளிச்சென்று பச்சையாக எரிந்தது.

அப்போது மன்னர் அந்தப் பக்கமாகப் போனார். அவையே கைகூப்பி எழுந்தது. கைகள் நெற்றிக்கு ஏற ஏற விளக்குகள் பிரகாசமாயின. அரும்பாவைக்கு விஷயம் விளங்கிவிட்டது. காப்பை அரசவையினரின் கையில் மாட்டித்தான் சோதித்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே உடற்பயிற்சி கும்பிடுவது. பையின் வாரை இரு கையாலும் பற்றிக்கொண்டு ஓடுபவளை அது எப்படிக் கண்டுகொள்ளும்?

செய்தி ஊரெங்கும் பரவியது. இளைஞர்கள் விளக்குக் கம்பத்தைக் கும்பிட்டார்கள், கழுதையைக் கும்பிட்டார்கள். வயல்கள் காய்ந்தன, கடிதங்கள் மலையாகக் குவிந்தன, நாடு மட்டும் பச்சைப் பசேலென்று எரிந்தது. அரும்பாவை மட்டும் பிடிவாதமாகக் கும்பிடவில்லை.

மகிழ்ந்துபோன மன்னர் விழா எடுத்து, எல்லோர் முன்னிலையிலும் தாமும் காப்பை அணிந்தார். சிவப்பு எரிந்தது. பிறந்ததிலிருந்து யாரையும் கும்பிட்டறியாத கை அது. ஆணையோ அவரே போட்டது. அமைச்சர் காதோரம் ஏதோ சொன்னார்.

மறுநாள் காலை கூப்பிய கைகளோடு மன்னர் வீதியில் இறங்கினார். வாசல் வாசலாகக் கும்பிட்டார். தெருவே வேடிக்கை பார்க்க, அரும்பாவையின் வாசலிலும் நின்றார்.

"தாயே, நலமா?"

"எங்கங்க நலம், வேலை போச்சு. கையை இறக்கிடாதீங்க மகராசா, இன்னும் சிவப்பாத்தான் இருக்கு. என் வேலையைத் திருப்பித் தர்றதாச் சொல்லிட்டுப் போங்க."

"தந்தோம், தாயே, தந்தோம்."

அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடியே ஓடிவிட்டாள். மலைச்சாலை ஏறும்போது அவளுக்கு இறக்கை முளைத்தது போலிருந்தது.

தெருமுனைக்கு வந்தபோது மன்னரின் காப்பு பச்சையானது. கைகளைப் பிரித்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பல்லக்கில் ஏறினார். அடுத்த தெருவில் மக்கள் தத்தம் குறைகளோடு வாசலில் காத்திருந்தார்கள். அங்கே அமைச்சர் மட்டும் போய் அறிவித்தார்:

"மன்னர் பெருமானின் காப்பு இனி ஐந்தாண்டுக்கு ஒருமுறையே சோதிக்கப்படும்."