ஜாப் ஒர்க்குக்கு விட்ட வெப்சைட்

திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் பிறந்து வளர்ந்ததாக சரித்திரம் கிடையாது. நூல் ஓரிடத்தில் துணியாகும், இன்னோரிடத்தில் சாயம் ஏறும், வேறொரு சந்தில் பிரிண்ட் விழும். எல்லாமே ஜாப் ஒர்க். இந்தப் புத்தியோடு வெப்சைட் செய்யக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

பிராட்பேண்ட் ஊருக்கு வந்த புதிது. நானும் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிது. மாமனாரின் பனியன் கம்பெனிக்கு அதுவரை ஆர்டரெல்லாம் ஏஜென்ட் வழியாகத்தான் வரும். முதல் முறையாக ஹாலந்திலிருந்து சரக்கு வாங்கும் பையரம்மா ஒருவர் நேரில் வருவதாக மெயில் போட்டிருந்தார். கூடவே, 'உங்கள் வெப்சைட் என்ன?' என்று ஒரு கேள்வி. எங்களிடம் இருந்தது ஃபேக்ஸ் மெஷின்.

"நான் பண்றேனுங்க மாமா!" என்று குதித்தேன். பி.காம். முடித்து, கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய்விட்டு, மாமியாரோடு கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

"சரி அம்மிணி, செய்யி. நல்லா வந்துச்சுன்னா ஆபீஸ்ல உனக்கொரு மேசை போட்டுரலாம்" என்றார் மாமா.

அந்த மேசைக்காகப் பட்ட பாடு கொஞ்சமில்லை. கோயம்புத்தூர் டிசைனர், "ஃபிளாஷ்ல பண்ணுனாத்தானுங்க மேடம் ஆடும், பாடும்" என்றார். சோமனூரில் தறி வைத்திருக்கும் உறவுக்காரப் பையன், "எதுக்குங்க்கா தண்டச்செலவு? நெட்டுல சும்மாவே இடம் தர்றாங்க" என்றான். மண்ணரையில் பிரவுசிங் சென்டர் நடத்தும் திருநெல்வேலிக்காரர், "ரெடிமேடா டெம்ப்ளேட் கெடக்கு மேடம். பேர மாத்துனா சோலி முடிஞ்சிது" என்றார். மூன்றில் எதை எடுப்பது? உட்கார்ந்தால் ஃபிளாஷ், எழுந்தால் டெம்ப்ளேட். சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டேன். (மாமியார் உப்பு டப்பாவை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டார்.)

அப்போதுதான் வாசலில் சாயப்பட்டறைக்குத் துணி ஏற்றிக்கொண்டு டெம்போ புறப்பட்டது. எனக்குப் பொறி தட்டியது. எதற்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? முதல் பக்கம் கோயம்புத்தூருக்கு, சரக்குப் படங்கள் சோமனூருக்கு, விலாசப் பக்கம் மண்ணரைக்கு. பிரித்து விட்டேன்!

மாமாவும், "அதாஞ்செரி, சுருக்கா முடியும்" என்று தலையாட்டினார். அவருக்கும் அதில் ஒரு கோளாறும் தெரியவில்லை. பையர் வருகிற அன்று காலைதான் மூன்றையும் இணைத்து முடித்தார்கள். திறந்து பார்க்க நேரமில்லை. மாமா மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்.

பையரம்மா இளநீரோடு உட்கார்ந்தார். நான் மவுசைத் தொட்டேன். நாதஸ்வரம் முழங்க ஒரு டி-ஷர்ட் சுழன்றது. சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. அந்தம்மா இளநீரை முடித்து, வழுக்கையும் தின்று முடித்த பிறகுதான் நின்றது.

சரக்குப் படங்களுக்குப் போனேன். முதல் பக்கத்தில் நீலமாக இருந்த கம்பெனிப் பெயர் இங்கே ரோஸாகிவிட்டது. அதற்கு மேலே ஒரு விளம்பரம். அரைகுறை ஆடையில் ஒரு பெண் கண்ணடித்தாள். (சும்மா இடம் கொடுத்தவர்கள் சும்மாவா கொடுப்பார்கள்?) மாமா மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். கீழே எங்கள் டி-ஷர்ட் நான்கைந்து. மிச்சமெல்லாம் சோமனூர்க்காரன் வீட்டுத் துண்டும் பெட்ஷீட்டும். படம் பத்தவில்லையாம், கையிலிருந்ததைப் போட்டு நிரப்பிவிட்டான்.

விலாசப் பக்கத்தை அமுக்கினேன். எங்கள் கம்பெனிப் பெயர், அதன் கீழே பளிச்சென்று சிரிக்கும் ஒரு வாய், 'வலியில்லாமல் பல் பிடுங்கப்படும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. திருநெல்வேலிக்காரர் சொன்ன வாக்குத் தவறாமல் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்.

"இது ஒரே கம்பெனியா?" என்று கேட்டார் பையரம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, பெருமையாகச் சொன்னார்: "எஸ் மேடம்! வெப்சைட் ஆல்சோ ஜாப் ஒர்க்!"

"அப்படியென்றால் என் டி-ஷர்ட்டும்..?"

"சேம் மேடம், சேம்!"

அந்தம்மா பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். அவர் ஆர்டர் பிறகு வேறு கம்பெனிக்குப் போனது. அன்று முழுக்க நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. மேசை போனதே என்று அழுகையாக வந்தது.

மறுநாள் காலை மாமா கூப்பிட்டார். "வா அம்மிணி, மேசை போட்டாச்சு."

போட்டிருந்தார். ஆபீசில் அல்ல, ஃபைனல் செக்கிங்கில்.

"பாக்காம அனுப்புனா என்னாகும்னு உன்னயாட்ட இந்தக் கம்பெனியில ஆருக்குந் தெரியாது" என்றார். கோபமில்லை, நிஜமாகவே சொன்னார். இன்று அந்தப் பிரிவே என் பொறுப்பில்தான் இருக்கிறது. பீஸ் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், அப்படியும் மனசு ஆறாது.

போன வருஷம் புது வீடு கட்ட இன்ஜினியர் வந்தார். வரைபடத்தை என் பக்கம் நகர்த்தினார். மாமா பாய்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஏனுங்க, அம்மிணிகிட்ட மட்டும் காட்டிப்போடாதீங்க. சமையக்கட்டச் சோமனூர்ல கட்டிப்போடும்!"